கண்டுபிடித்தவர், நாடு, ஆண்டு

நமது இலக்கியக் கூட்டங்களிலே தொழில்நுட்பம் பற்றிய பேச்சு வந்துவிட்டால் இரண்டில் ஒன்று கட்டாயம் தலைகாட்டும். ஒன்று, அல்ஜிப்ராவைத் தந்தவர் நம்மவரான அல் குவாரிஸ்மி, அல்கோரிதம் என்ற சொல்லே அவருடைய பெயரிலிருந்து வந்தது என்ற பெருமிதம். மற்றது, இன்றைக்கு எல்லாவற்றையும் அவர்கள்தானே செய்கிறார்கள், நாம் வாங்கிப் பாவிக்கத்தானே பிறந்தோம் என்ற பெருமூச்சு. முதலாவது உண்மைதான். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அந்த அறிஞர், இலக்கங்களைப் பற்றி எழுதும்போது அது இந்தியரின் கணக்குமுறை என்று சொல்லியே எழுதினார் என்பதைப் பெருமிதக்காரர் யாரும் மேடையில் சொல்லக் கேட்டதில்லை. இரண்டு கூட்டத்தாருக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: அறிவு ஓரிடத்தில் குடியிருக்கும், பிறகு இன்னோர் இடத்துக்குக் குடிபெயரும். அது இருக்கும் இடத்தான் எஜமான், மற்றவன் வாடிக்கையாளன்.

பாடசாலையிலும் இதே எண்ணம்தான். பொது அறிவுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும்போது மூன்று நிரல் போட்டுக் கொடுப்போம். கண்டுபிடித்தவர், நாடு, ஆண்டு. தொலைபேசி, வானொலி, நீராவி இயந்திரம் என்று வரிசையாக நிரம்பிவிடும்.

கணினித் துறையில் அந்த இரண்டாம் நிரல் நிலைகொள்ளாமல் அலைகிறது. 1957இல் எட்டுப் பேர் தமது பழைய நிறுவனத்தை விட்டு வெளியேறிக் கலிபோர்னியாவில் ஃபெயார்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கின் வம்சாவளியைப் பலரும் அங்கிருந்துதான் எழுதுகிறார்கள். 1960களிலேயே அந்த நிறுவனத்தின் பாகங்களைப் பொருத்தும் வேலை ஹொங்கொங்குக்குப் போய்விட்டது. 1987இல் மொரிஸ் சாங் தாய்வானில் தொடங்கிய டி.எஸ்.எம்.சி., பிறர் வடிவமைத்த சில்லுகளை உற்பத்தி செய்து கொடுப்பதையே தனித் தொழிலாக்கியது. இன்று உலகின் மிக நுண்ணிய சில்லுகளில் பெரும்பகுதி அங்கேதான் உருவாகிறது. வடிவமைப்பவன் அறிஞன், செய்து கொடுப்பவன் கைவேலைக்காரன் என்று அன்று கோடு கிழித்தவர்கள் இன்று அந்தக் கைவேலையைத் தமது நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர அரசாங்கப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பிறகு பெங்களூர், ஷென்சென், நைரோபி என்று பெயர்கள் வந்தன. நைரோபிக்குச் ‘சிலிக்கன் சவன்னா’ என்று பட்டம் வேறு. புதிய இடத்தைப் புகழ்வதற்கும் பழைய இடத்தின் பெயரைத்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது.

நான் நின்று பார்க்க விரும்புவது நைரோபியில்.

2007 மார்ச் மாதம் கென்யாவின் சஃபாரிகொம் நிறுவனம் எம்-பெசா என்ற சேவையை ஆரம்பித்தது. ‘பெசா’ சுவாஹிலியில் காசு; நமது பைசாவுக்கு உறவுக்காரச் சொல் என்பார்கள். வங்கிக் கணக்கே இல்லாத ஒருவர் தெருமுனைக் கடையில் காசைக் கொடுத்தால் அது அவருடைய கைத்தொலைபேசியில் ஏறும். குறுஞ்செய்தி அனுப்புவதுபோல அதை ஊருக்கு அனுப்பினால், அங்கே தாய் தன் ஊர்க் கடையில் காசாக எடுத்துக்கொள்வாள். பழைய பொத்தான் தொலைபேசி போதும். செல்வந்த நாடுகளின் வங்கிகள் இப்படியொன்றை நினைத்தும் பார்க்காத காலம் அது.

இப்போது மூன்று நிரலையும் நிரப்புவோம். ஆண்டு 2007, சரி. நாடு கென்யா. கண்டுபிடித்தவர்?

பிரித்தானியாவின் வொடஃபோன் நிறுவனத்தில் நிக் ஹியூஸ், சூசி லோனி என்ற இருவர் இதை முன்னெடுத்தார்கள். பிரித்தானிய அரசின் அபிவிருத்தித் திணைக்களம் பணம் கொடுத்தது. மென்பொருளைக் கேம்பிரிட்ஜில் எழுதினார்கள். ஆனால் அவர்கள் எழுதியது பணம் அனுப்பும் முறைக்காக அல்ல. சிறுகடன் வாங்கிய ஏழைகள் தவணையைக் கட்டுவதற்கு வசதியாக ஒரு முறை தேடினார்கள். 2005இல் சில நூறு பேரிடம் அதைக் கொடுத்துப் பரீட்சித்தபோது நடந்தது வேறு. ஒருவர் செய்த உதவிக்குப் பதிலாக இன்னொருவர் அவருடைய கடனைக் கட்டினார். பயணம் போகிறவர்கள் காசைக் கையில் கொண்டுபோகப் பயந்து, இங்கே கட்டி, சில மணிநேரத்தில் அங்கே போய் எடுத்தார்கள். வங்கி பூட்டிய பிறகு அன்றைய விற்பனைப் பணத்தை இரவுக்குப் பாதுகாப்பாக வைக்க முதலாளிமார் அதைப் பெட்டகமாகப் பாவித்தார்கள். இதையெல்லாம் கண்ட பிறகுதான் கடன்தவணைக் கதையை ஒதுக்கிவிட்டு, ‘வீட்டுக்குக் காசு அனுப்புங்கள்’ என்ற ஒரே அழைப்போடு சேவை வெளிவந்தது.

அந்தச் சில நூறு பேரையும் முதல் நிரலில் எழுதலாமா? விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “பானையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்தவன் பானையைக் கண்டுபிடித்தவனாகிவிடுவானா, சேர்?” என்றார். நல்ல கேள்வி. ஆக மாட்டான்தான். ஆனால் அவன் இருந்ததைப் பார்த்த குயவன் அன்றிலிருந்து பானையை விட்டுவிட்டு இருக்கையாகவே செய்து விற்றுச் செல்வந்தனானால், இருந்தவனுக்கு அவன் ஒன்றுமே கடன்படவில்லையா? நண்பர் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பெயர் ஒருபுறம் இருக்கட்டும், வருமானத்தைப் பாருங்கள். பல ஆண்டுகளாகச் சஃபாரிகொம் இந்த முறைக்கு வொடஃபோனுக்கு உரிமைக் கட்டணம் செலுத்தி வந்தது. கென்யரின் கணக்குகளைத் தாங்கிய கணினிகள் 2015வரை ஜேர்மனியில் இருந்தன. 2020இல்தான் அந்த வர்த்தகப் பெயரைச் சஃபாரிகொம், தென்னாபிரிக்காவின் வொடாகொமுடன் சேர்ந்து விலைகொடுத்து வாங்கியது. உலகமெல்லாம் ‘ஆபிரிக்காவின் கண்டுபிடிப்பு’ என்று புகழ்ந்துகொண்டிருந்தபோது அதன் பெயர் ஆபிரிக்காவுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

நமக்கு இது அந்நியமான கதையல்ல. சவூதியிலும் கட்டாரிலும் உழைத்த நம்மவரின் காசு வங்கியால் வந்ததும் உண்டு, உண்டியலால் வந்ததும் உண்டு. அங்கே ஒருவரிடம் றியாலைக் கொடுத்தால் இங்கே இன்னொருவர் ரூபாயைக் கொண்டுவந்து உம்மாவின் கையில் வைப்பார். காசு கடல் கடப்பதில்லை, வாக்குத்தான் கடக்கும். அரபு வணிகர்கள் ஹவாலா என்று நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறை இது. சட்டத்துக்குப் புறம்பாக நடப்பதால் அதைப் புகழ நான் வரவில்லை, கள்ளப் பணமும் அதே பாதையில்தான் போகிறது. ஆனால் இரு முனையிலும் நம்பிக்கையான ஒரு கடைக்காரர், நடுவே ஒரு செய்தி என்ற எம்-பெசாவின் எலும்புக்கூடு அதுதானே. அதை முதலில் யோசித்தவரின் பெயர் எந்த நிரலிலும் இல்லை.

ஏழைகளின் மத்தியில் பிறந்த கண்டுபிடிப்பு ஏழைகளுக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பதும் அவசரம். 2016இல் தவ்னீத் சூரி, வில்லியம் ஜக் என்ற பொருளியலாளர்கள் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதிய ஆய்வின்படி, எம்-பெசாவினால் கென்யாவில் 194,000 குடும்பங்கள், அதாவது நூற்றுக்கு 2 வீதமானவை, வறுமையிலிருந்து மீண்டன. விவசாயத்தை விட்டு வியாபாரத்துக்குப் பெண்கள் மாறியதை அவர்கள் முக்கியமாகக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் 2012இல் அதே தொலைபேசிக்குள் எம்-ஷ்வாரி என்ற கடன் வந்தது. 30 நாள் கடனுக்கு 7.5 வீதம். அதை வட்டி என்று அவர்கள் சொல்லவில்லை, ‘வசதிக் கட்டணம்’ என்றார்கள். பெயரை மாற்றினால் பொருள் மாறுமா என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்துப் பின்னால் வந்த கடன் செயலிகள் ஏராளம். அவற்றை மத்திய வங்கியின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் சட்டம் 2021 இறுதியில்தான் நிறைவேறியது. சாமத்தில் பிள்ளைக்கு மருந்து வாங்கத் தாய்க்குக் காசு கிடைத்ததும் அந்தத் தொலைபேசியில்தான், கடன் வாங்கி அடுத்த மாதச் சம்பளத்தை முன்கூட்டியே இழந்ததும் அதில்தான்.

அதே நைரோபியில் பிறந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007 டிசம்பர்த் தேர்தலைத் தொடர்ந்து கென்யாவில் இரத்தம் ஓடியது. தொலைக்காட்சிகளின் நேரடி ஒளிபரப்பை அரசு தடைசெய்தது. 2008 ஜனவரியில் ஓரி ஒகொல்லோவும் ஜூலியானா ரோட்டிச் முதலிய சிலரும் சேர்ந்து, எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை வரைபடத்தில் பதியும் மென்பொருளொன்றைச் சில நாட்களில் செய்தார்கள். உஷாஹிதி என்று பெயர். ஷாஹித், ஷஹாதா என்று நாம் அறிந்த அரபு வேரிலிருந்து சுவாஹிலிக்குப் போன சொல். பொருள், சாட்சியம்.

2010 ஜனவரியில் ஹெயிட்டியில் பூமி அதிர்ந்தபோது, இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து 4636 என்ற இலக்கத்துக்குக் கிரியோல் மொழியில் செய்திகள் வந்தன. புலம்பெயர்ந்த ஹெயிட்டியர்கள் தத்தம் வீடுகளில் இருந்து அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். பொஸ்டனுக்கு அருகே பல்கலைக்கழக மாணவர்கள் அவற்றைக் கென்யர்கள் செய்த அந்த வரைபடத்தில் பதிந்தார்கள். இந்த வேலைக்கு ‘நாடு’ என்ற நிரலில் எதை எழுதுவது என்று வகுப்பில் கேட்டால் நைரோபி என்பார் பாதிப் பேர், ஹெயிட்டி என்பார் மீதிப் பேர். அந்த மென்பொருளுக்கு உரிமைக் கட்டணம் இல்லை. எவரும் எடுத்துப் பாவிக்கலாம், பிழையிருந்தால் திருத்தலாம் என்று எழுதியவர்கள் அதைத் திறந்தே விட்டுவைத்தார்கள்.