பசித்த நாவின் சாட்சி

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயில் வீதியில், கனிந்து கறுத்த வாழைத்தாரைச் சுற்றி வட்டமிடும் பழ ஈயை அற்பப் பிராணியென்று நாம் விரட்டிவிடுகிறோம். ஆயினும் கால்களிலும் உறிஞ்சுகுழல் நுனியிலும் உள்ள நுண்ணிய மயிர்களால் ருசியறியும் அந்தச் சின்னஞ்சிறு ஜீவன், வயிறு நிறைந்திருக்கையில் பொருட்படுத்தாத மிகச் சொற்பமான இனிப்புக்கும் பசித்த வேளையில் குழலை நீட்டுகிறது. மற்ற வேளைகளில் ஒதுக்கிவிடும் கசப்பையும் அப்போது சகித்துக்கொள்கிறது. பசியில் சுரக்கும் டோபமின் என்னும் ரசாயனமே இனிப்பறியும் நரம்புகளைக் கூர்மையாக்குகிறதென்று 2012-இல் கலிபோர்னியாவில் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. கசப்பறியும் நரம்புகளோ பட்டினியில் மந்தமடைகின்றன. பழம் அதே பழம்தான்.

நடவு முடித்துக் கரையேறியவருக்கு நீராகாரமும் உப்புக்கல்லும் அமிர்தமாவதை நாமெல்லோரும் போற்றுகிறோம், நியாயமே. ஆனால் கசப்பை மறைப்பதும் அதே பசியல்லவா? அன்னதானப் பந்தியில் ஒரு முதியவர் முகம் சுளிக்காமல் இலையை வழித்துண்பதைக் காணும்போதெல்லாம், நாம் இட்ட சோறு நன்றாயிருந்ததென்று அதையே சாட்சியாகக் கொண்டு திருப்தியடைந்துவிடுகிறோமே என்று என் நெஞ்சம் பதைக்கிறது.