எதிர்ப்பதிவு

பத்திரிகாசிரியன் புத்தகமும் எழுதினால், பத்திரிகை அவனுடைய காலத்தைத் தின்றுவிட்டது என்று வருத்தப்படுவது நம் வழக்கம். எனக்கு இதில் சம்மதமில்லை. காலம் போனது சிறிய விஷயம். அச்சேறிய சொல்லுக்கு அவன் எப்படிப் பொறுப்பேற்கிறான் என்பதே கேள்வி.

1944 ஆகஸ்டில் பாரீஸ் விடுதலையானபோது ஆல்பெர் காம்யு 'கொம்பா' நாளேட்டின் ஆசிரியர். ஜெர்மானியருக்கு உடந்தையாயிருந்தவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று தலையங்கங்களில் வாதாடினார். கருணை வேண்டும் என்றார் 'ஃபிகாரோ'வில் பிரான்ஸ்வா மோரியாக். கொல்லப்பட்ட தோழர்களின் வீட்டார் சம்மதித்தாலன்றி மன்னிப்பில்லை என்று 1945 ஜனவரியில் காம்யு பதில் எழுதினார்.

அதே மாதம் ரொபேர் பிரஸியாக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவரும் பத்திரிகாசிரியர், நாவலாசிரியர். யூதர்களைக் குழந்தைகளோடு சேர்த்தே அப்புறப்படுத்த வேண்டும் என்று 1942-ல் எழுதியவர். அவருக்கான கருணை மனுவில் காம்யு கையெழுத்திட்டார். பிரஸியாக்கின் எழுத்தை மதித்தல்ல, மரண தண்டனையை வெறுத்து. மனு பலிக்கவில்லை. பிப்ரவரி 6-ந் தேதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இதை முரண்பாடு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் தலையங்கத்தில் 'தண்டனை' ஒரு கருத்து. மனுவில் அது ஓர் ஆளின் கழுத்து.

1947-ல் காம்யு பத்திரிகையை விட்டார். அவ்வாண்டே வந்த 'கொள்ளைநோய்' நாவலில், வக்கீலான தந்தை ஒருவனுக்கு மரண தண்டனை கேட்பதைக் கோர்ட்டில் பார்த்த தாரு, பின்னர் வீட்டைத் துறக்கிறான். டொமினிக்கன் துறவிகளிடம், அந்த விவாதத்தில் மோரியாக் சொன்னதே சரி என்று காம்யு ஒப்புக்கொண்டார். 1950-ல் 'கொம்பா' கட்டுரைகள் பலவற்றையும் இந்தப் பேச்சையும் ஒரே புத்தகத்தில் சேர்த்தார்.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். எங்கள் கணக்கில் தவறான பதிவை அழிக்கக் கூடாது, எதிர்ப்பதிவுதான் போடலாம். இரண்டும் நிற்கும். போட்டவன் பெயரும் நிற்கும். எதிர்ப்பதிவு நஷ்டமானதைத் திருப்பித் தருவதில்லை என்பதும் உண்மை. தலையங்கத்தைப் படித்துக் கோபமேறியவன் அந்த நாவலைப் படித்திருக்க வேண்டுமென்பதில்லை. புத்தகம் பத்திரிகைக்குப் பிராயச்சித்தமாகாது. தவறு மறைக்கப்படவில்லை என்பதற்குச் சாட்சியாகலாம், அவ்வளவுதான்.

சென்ற வருஷம் என் கட்டுரைகளைத் தொகுக்க உட்கார்ந்தேன். ஒரு கவிஞரைப் பற்றி முன்பு அநியாயமாக எழுதிய பத்தியொன்றைச் சத்தமில்லாமல் நீக்கினேன். நேர்மை என்றுதான் நினைத்துக்கொண்டேன். அது அழிப்பு. பத்தியைத் திரும்பச் சேர்க்கப் போகிறேன், கீழே என் மறுப்போடு. அந்தக் கவிஞர் இப்போது உயிருடன் இல்லை.