பெட்டியில் நின்ற வாசனை

திருவொற்றியூரில் நெடுங்காலமாக வசித்து வருபவரும், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் துறைமுக வாயிலை நோக்கி மணிக்கணக்கில் வரிசை பிடித்து நிற்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவருமான என் நண்பர் ஒருவர், சித்திர ஆசிரியர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தச்சு வேலையில் மனத்தைச் செலுத்தினார். உளியும் இழைப்புளியும் கூடத்திலிருந்து மெல்ல நகர்ந்து சமையலறை வாசல்வரை வந்துவிட்ட பிறகு, மனைவியாரின் நியாயமான ஆட்சேபத்துக்கு இணங்கி, கொல்லைப்புறத்தில் தனிப் பட்டறை ஒன்று அமைப்பதென்று தீர்மானித்தார். செங்கல் வைத்துக் கட்டுவதா, தகரக் கொட்டகை போடுவதா என்று ஆறு மாதம் யோசித்த அவர், எதிரிலேயே நாள்தோறும் ஊர்ந்து சென்ற வஸ்துவை ஏழாவது மாதத்தில்தான் கண்டார் போலும். கடலோடி ஓய்ந்த இருபதடிப் பெட்டி ஒன்றை விலை பேசி வருவதற்கு என்னையும், தமக்குத் தச்சு வேலை கற்பித்துவந்த முதிய ஆசாரியையும் உடன் அழைத்துக்கொண்டு மாதவரத்துக்குப் புறப்பட்டார்.

பழைய பெட்டி வாங்குகிறவன் செய்யவேண்டிய முதற் சோதனை மிகவும் விசித்திரமானது. அவன் உள்ளே போய் நிற்க, வெளியே உள்ளவர்கள் கதவுகளை இறுகச் சாத்திவிட வேண்டும். உள்ளிருந்து திறக்க வழியில்லாத கதவு அது. ஆகையால் வெளியே நிற்பவன் நம்பிக்கைக்குரியவனாக இருத்தல் அவசியம். அந்தக் கும்மிருட்டில் கூரையையும் சுவர்களையும் அண்ணாந்து நோக்கினால், துருப்பிடித்துத் துளைபட்ட இடங்களில் மட்டும் வெளிச்சம் ஊசிமுனைபோல் எட்டிப் பார்க்கும். குறையைக் காண்பதற்கு விளக்கை ஏற்றாமல் அணைக்கவேண்டியிருக்கும் இந்தப் பரீட்சையை எண்ணி நான் வியந்துகொண்டிருந்தபோது, நண்பர் வேறொன்றைக் கவனித்துவிட்டார். கண்ணுக்கு வேலையில்லாத இடத்தில் மூக்கு விழித்துக்கொள்ளும் அல்லவா? உள்ளே ஏதோ ஒரு வாசனை இருந்தது.

அது இன்னதென்று எங்களால் நிச்சயிக்க முடியவில்லை. தேயிலை என்றார் நண்பர். பதனிட்ட தோல் என்று ஆசாரி அடித்துச் சொன்னார். அவர் இளமையில் ஒரு தோல் மண்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தவர். எனக்கோ அது பழைய புத்தகக் கடையின் பின்கட்டை நினைவூட்டியது. பெட்டி வீடு வந்து சேர்ந்த அன்று, கிரேன் அதைச் சுற்றுச்சுவருக்கு மேலே தூக்கி, நான்கு மூலைகளுக்கும் கட்டிவைத்திருந்த நான்கு கான்கிரீட் மேடைகளின்மேல் இறக்கியபின், நண்பரின் மனைவியார் கதவருகில் வந்து நின்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொன்னார்: "கொட்டைப்பாக்கு." அவர் பிறந்த வீடு பாக்கு வியாபாரம் செய்த வீடு. நான்கு பேருக்கு நான்கு வாசனை வீசிய அந்தப் பெட்டியில் இருந்த வாசனை பெட்டியினுடையதா, எங்களுடையதா என்ற சந்தேகம் அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அதை ஒட்டிய விசாரமே இக்கட்டுரை.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். உலகில் மனிதன் செய்த வஸ்துக்களுள், தான் சுமப்பது எதுவானாலும் அதனோடு ஒட்டாமல் இருக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு செய்யப்பட்டது இந்தப் பெட்டி. 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை அடுக்கி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டையும் பீப்பாயுமாகத் தனித்தனியே கைமாறிய சரக்கு, முகமற்ற ஒரே உருவத்துக்குள் மறைந்த கதை அங்கிருந்துதான் வளர்ந்தது. நம் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னருக்கென்றே தனி முனையம் 1983-இல் வந்தது. போன பயணத்தில் காப்பிக்கொட்டை, இந்தப் பயணத்தில் இயந்திரம், அடுத்ததில் பொம்மை. எதிலும் பற்றில்லை, எதையும் நினைவில் வைப்பதில்லை. இப்படிப்பட்ட துறவியை எந்த மடத்திலும் காண்பது அரிது என்று நான் வேடிக்கையாகச் சொன்னபோது, நண்பர் தரையைக் காட்டினார்.

துறவியின் ரகசியம் தரையில் இருந்தது. சுவர் எஃகு, கூரை எஃகு, தரை மட்டும் மரம். 28 மில்லிமீட்டர் கனத்தில் அழுத்திச் செய்த ஒட்டுப்பலகை. மரத்துக்கு நினைவு உண்டு. சிந்தியதையெல்லாம் குடித்து வைத்துக்கொள்ளும். அது போதாதென்று, ஒரு தேசத்துப் பூச்சி இன்னொரு தேசத்துக் காட்டுக்குப் போய்விடாமலிருக்க அந்தப் பலகைக்குப் பூச்சிமருந்து ஊட்டியே தரையிடுகிறார்கள். ஊட்டிய மருந்தின் பெயரும் தேதியும் கதவில் அறைந்துள்ள தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆக, எதையும் நினைவில் கொள்ளாத பெட்டியின் நெற்றியிலேயே, அது எப்போது, எந்த விஷத்தால் சுத்தி செய்யப்பட்டது என்ற செய்தி எழுதியிருக்கிறது.

வாசனை என்ற பதத்தை நம் சாஸ்திரகாரர்கள் எத்தனை சாதுரியமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை, அந்தத் தரையில் முழங்காலிட்டு முகர்ந்தபோதுதான் நான் நன்றாக உணர்ந்தேன். செய்த கர்மம் முடிந்து, அனுபவித்த போகம் முடிந்து, செய்தவனுக்கே மறந்துபோன பின்னும் சித்தத்தில் தங்கி, அடுத்த செயலை நோக்கி அவனை உந்துகின்ற சூட்சும சம்ஸ்காரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் அது. வாசம் என்றால் மணம். வாசம் என்றால் குடியிருப்பு. இரண்டுக்கும் மூலம் ஒன்றா, வேறா என்பதைத் தாது விசாரம் செய்யும் புலவர்கள் தீர்க்கட்டும். தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, குடியிருந்தவன் போனபின் மிஞ்சுவது மணம்தான் என்பதுபோல.

இந்த விஷயத்தில் பௌத்தர்களுள் யோகாசார மதத்தினர் சொன்னதைப் பெட்டிக்குள் நின்று படிப்பவன் புன்னகை செய்யாமல் இருக்க முடியாது. எல்லா அனுபவங்களின் வித்துக்களும் சேர்ந்து கிடக்கின்ற ஓர் அடிமனத்தை அவர்கள் ஆலய விஞ்ஞானம் என்றார்கள். அங்கே ஆலயம் என்பதற்குக் கோயில் என்று பொருளல்ல. கிடங்கு என்று பொருள். பூவோடு சேர்த்துவைத்த எள்ளில் பூவின் மணம் ஏறி, பூ வாடி உதிர்ந்த பிறகும் எண்ணெயில் தங்குவதுபோல, செயல் மறைந்த பின்னும் அதன் மணம் கிடங்கில் தங்குகிறது என்பது அவர்களுடைய திருஷ்டாந்தம். இந்தத் தத்துவத்தை நாளந்தாவில் விளக்கிய பேராசிரியர்களுள் ஒருவரான தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கிடங்குக்கு உரிமையாளன் யார் என்று கேட்டால், அப்படி ஒருவன் இல்லை, கிடங்கைத் தன்னுடையதென்று தவறாக எண்ணுகிற எண்ணம் ஒன்றுதான் உண்டு என்பார்கள். இவ்விடத்தில் நம் சைவ சித்தாந்திகள் ஒப்பமாட்டார்கள். மணம் உண்டென்றால் முகர்கிறவன் ஒருவன் உண்டு; அவன் ஆன்மா; அவனைப் பற்றிய மலமும் உண்டு என்பது அவர்கள் கட்சி.

கட்சி வேறானாலும், சுத்தி செய்த பின்னும் வாசனை நிற்கும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. பெருங்காயம் வைத்திருந்த பாண்டத்தை எத்தனை முறை கழுவினாலும் காயத்தின் மணம் போகாததுபோல, ஞானம் வந்தவனிடத்தும் உடல் உள்ளவரை மலவாசனை வந்து தாக்கும் என்று சைவர்கள் கூறுவார்கள். மெய்கண்டார் தம் சிவஞானபோதத்தை ஞானம் வந்த இடத்தோடு நிறுத்தாமல், பன்னிரண்டாவது சூத்திரத்தில், வந்தவன் மலம் கழுவி, அன்பரோடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுது வாழவேண்டும் என்று முடித்ததன் காரணம் எனக்கு இப்பொழுது விளங்குகிறது. கழுவுதலைச் சொன்னவர் அடுத்த மூச்சிலேயே கூட்டுறவைச் சொல்கிறார். கழுவின இடம் காலியாக நின்றால் பழைய மணமே திரும்பக் குடியேறும் அல்லவா? அத்வைதியான வித்யாரண்யரும் ஜீவன்முக்தி விவேகத்தில் வாசனாக்ஷயத்தைத் தனியே எடுத்துப் பேசி, மலின வாசனையைச் சுத்த வாசனையால் வெல்லும் உபாயத்தைக் கூறுகிறார்.

நண்பரின் பட்டறையில் நடந்ததும் அதுவே. முதல் வாரம் அவர் சவுக்காரம் போட்டுத் தேய்த்தார், வினிகர் ஊற்றினார், வேப்பிலைப் புகை போட்டார். நனைந்த பலகை முன்னிலும் உரக்கப் பேசியது. கடைசியில் ஆசாரிதான், "வாத்தியாரையா, குடிச்ச மரத்தைக் கக்க வைக்க முடியாது. மேலே மூடிட்டு வேலையை ஆரம்பிங்க. தேக்குத்தூள் விழுந்தா அது தன் மணத்தைப் பார்த்துக்கும்" என்றார். அப்படியே தரை முழுவதும் எபாக்சி பூசி, அது காய்ந்தபின் புதுப் பலகை பரப்பினார்கள்.

ஜன்னல் வெட்டும்போது வேறொரு பாடம் கிடைத்தது. பெட்டியின் பலம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. கப்பலில் நிறைபாரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் தாங்கும் அந்தத் தூண்களுக்கு, மடிப்பு மடிப்பான மெல்லிய சுவர்த் தகடு துணைநின்று கோணாமல் காக்கிறது. அந்தத் தகட்டில் ஓட்டை போட்டால், போட்ட இடத்தைச் சுற்றிச் சதுரக் குழாயால் சட்டம் பற்றவைக்காதவரை மேல்விட்டம் தொய்ய ஆரம்பிக்கும். வெட்டிய அந்த நிமிஷத்திலேயே அது கப்பலேறும் தகுதியையும் இழந்துவிடுகிறது. தேகம் அழிந்து உயிர் வேறு தேகம் புகுவதைத்தான் நாம் மறுபிறப்பு என்று கேட்டிருக்கிறோம். தேகம் அப்படியே நிற்க, பிரயோஜனம் மட்டும் இறந்து பிறந்ததை அன்று பிரத்தியட்சமாகக் கண்டேன்.

வெட்டுவாயில் சுரண்டிய வண்ணத்தின் அடியில் செந்நிறத் துரு தெரிந்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. செம்போடு கூடப்பிறந்தது, புறத்திலிருந்து வந்ததல்ல, ரசகுளிகை பட்டாலன்றி நீங்காதது. இந்தப் பெட்டிக்கான எஃகில் வேண்டுமென்றே சிறிது செம்பு கலக்கிறார்கள் என்பது வெல்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கார்ட்டென் என்ற அந்த எஃகின்மேல் படியும் முதல் துரு, உதிர்ந்து உள்ளே அரித்துக்கொண்டு போகாமல், இறுகித் தோலாக நின்று மேலும் துருப்பிடிக்காதபடி தடுக்கிறது. மலமே கவசமாகும் இந்த விந்தையைக் கேட்டதும், மாயையை ஆணவ இருளில் விடியும்வரை எரியும் விளக்காகச் சித்தாந்திகள் கூறியது என் நினைவுக்கு வந்தது. கட்டுகிற பொருளே உதவுகிற பொருளும் ஆகும் என்று அவர்கள் துணிந்து சொன்னவர்கள். என் உற்சாகத்தை வெல்டர் நீடிக்க விடவில்லை. கடற்காற்றின் உப்பில் அந்தத் தோல் ஒழுங்காக இறுகுவதில்லையாம். திருவொற்றியூரில் பெயிண்ட் அடிக்காமல் வைக்கக்கூடாதாம். உவமைகளும் கடற்கரையில் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன.

கடாகாசம், மகாகாசம் என்ற பிரசித்தமான திருஷ்டாந்தத்தை ஏன் எடுக்கவில்லை என்று வேதாந்த நண்பர்கள் கேட்கக்கூடும். குடத்துள் இருக்கும் வெளியும் வெளியில் இருக்கும் வெளியும் ஒன்றே என்பது சத்தியமாயிருக்கலாம். சித்திரை மாதத்து நடுப்பகலில், கூரைக்கு வெப்பத்தடுப்பு போடுவதற்கு முன், அந்தப் பெட்டிக்குள் அரைமணி நேரம் நின்று பார்த்தபின் அதைச் சொல்லட்டும்.

அதே திருவொற்றியூரில், கடலை நோக்கிப் பட்டினத்தடிகளின் சமாதிக் கோயில் இருக்கிறது. நண்பர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே சற்று நின்றுவிட்டுப் போவது என் வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வாணிகம் செய்த அந்தச் செல்வர், வளர்ப்பு மகன் விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்து, உள்ளே காதற்ற ஊசியையும் ஓலையையும் கண்ட மாத்திரத்தில் அனைத்தையும் துறந்தார் என்பது வரலாறு. சரக்கு ஏற்றியவர் ஒரு பெட்டியால் துறவியானார். அவருக்குக்கூட வாசனை ஒரே நாளில் போயிற்றென்று வரலாறு சொல்லவில்லை என்பதுதான் நான் கவனித்தது. கையில் பேய்க்கரும்பை ஏந்திக்கொண்டு தலம் தலமாக அலைந்தார். அதன் கைப்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது அவருக்குக் கிடைத்த அடையாளம். ஒற்றியூரில் அது இனித்தது. கரும்பை அவர் கழுவினதாகவோ எறிந்துவிட்டு வேறு கரும்பு எடுத்ததாகவோ கதையில் இல்லை. கைத்த அதே கரும்பைத்தான் கடைசிவரை ஏந்தியிருந்தார்.

பட்டறை இப்போது நன்றாக நடக்கிறது. ஆயுதபூஜையன்று இழைப்புளிக்கும் வாளுக்கும் சந்தனம் இட்ட நண்பர், கதவில் இருந்த அந்தப் பழைய தகட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார். கப்பலேறும் தகுதி போனபின் கழற்றவேண்டிய தகடாயிற்றே என்று நான் நினைவூட்டினேன், "இருக்கட்டும்" என்றார்.

ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. பட்டறையைச் சாத்தியே வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் நான் போயிருந்தபோது திறந்தார். கூரை எங்கும் ஒழுகவில்லை. ஆயினும் உள்ளே விட்டங்களிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து ரம்பப்பட்டைமேல் துரு கோத்திருந்தது. மரத்திலும் காற்றிலும் அடைபட்டிருந்த ஈரமே, இரவில் குளிர்ந்த தகட்டில் பட்டு மழையாகி இறங்கியிருக்கிறது; வெளியிலிருந்து ஒரு துளியும் வரவில்லை. நண்பர் துணியால் வாளைத் துடைத்துக்கொண்டிருக்க, காப்பி கொண்டுவந்த அவர் மனைவியார் வாசலிலேயே நின்றார்.

"என்னங்க, பாக்கு வாசனை இன்னும் போகலையே?"

எனக்குத் தேக்கும், அதற்கு அடியில் பழைய புத்தகமும் மணத்தன. நண்பர் தலையை நிமிர்த்தி, இருமுறை ஆழமாக மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார்.