தேதி கிடைத்த பிறகு

மாதவிடாய் நின்று ஓராண்டு முழுதாகக் கடந்துவிட்ட பெண்ணுக்கு மறுபடியும் இரத்தம் பட்டால், ஒரே ஒரு சொட்டு என்றாலும் அவர் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இன்னொரு முறை வருகிறதா பார்க்கலாம் என்று இருக்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் வீடுகளில் அந்த முதல் சொட்டுக்கும் மருத்துவமனை ஓபி சீட்டுக்கும் நடுவில் மாதக்கணக்கு ஓடிவிடுகிறது. உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குவதில் கொஞ்ச நாள் போகும். மகளின் வளைகாப்பு முடியட்டும், பேரனின் பரீட்சை முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று கொஞ்ச நாள் போகும். "இந்த வயசுல இதைப் போய் யார்கிட்ட சொல்ல" என்ற கூச்சத்தில் மீதியும் போகும். கடைசியில் டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் ஆகும் என்று யாராவது சொன்னால் நமக்கு ஆத்திரம் வருகிறது. அந்த ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் காத்திருப்பின் பெரும்பகுதியை அதற்கு முன்பே வீட்டுக்குள் கழித்து முடித்திருக்கிறோம்.

கூச்சம் புதிதல்ல. சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்குவது, 1885-ல் ஆண் மருத்துவர் முன் வர மறுத்த பெண்களுக்கென்றே தொடங்கப்பட்டது. ஊர் வாயில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். அதற்காக முனைந்து நின்ற மேரி ஷார்லீப், 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர். அதே கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் அவர் முயற்சியால் எழுந்தது. பெண் மருத்துவர் இல்லை என்பதுதான் தடை என்றால், அந்தத் தடை நூறாண்டுகளுக்கு முன்பே உடையத் தொடங்கிவிட்டது. இன்று நம் அரசு மருத்துவமனைகளின் மகளிர் நோய்ப் பிரிவில் பெண் மருத்துவர்களே மிகுதி. மிச்சமிருக்கும் திரை வீட்டுக்குள்தான் தொங்குகிறது.

சரி, தேதி வாங்கியாயிற்று. இனி அந்த நாள் வரும்வரை எப்படி இருப்பது?

பயத்தை அதன் உண்மையான அளவில் வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படும் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்தோலும் கருப்பையின் உட்படலமும் மெலிந்துபோகின்றன. சிறு உராய்வுக்கே கசிகின்றன. மிகப் பொதுவான காரணம் இதுதான். பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி, உட்படலம் தடித்துப்போவது, சில ஹார்மோன் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். பத்தில் ஒருவருக்குப் புற்று இருக்கலாம். அவருக்கும் ஓர் ஆறுதல் உண்டு. கருப்பை உட்படலப் புற்று தொடக்கத்திலேயே இரத்தத்தைக் காட்டி எச்சரிக்கிற நோய். அதனால் பெரும்பாலும் கருப்பையைத் தாண்டிப் பரவும் முன்பே பிடிபடுகிறது. அந்த நிலையில் அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். ஒன்பது பேர் தப்பிக்கிறார்களே என்று தேதியைத் தள்ளிப்போடுவதும் தவறு, அந்த ஒருத்தி நான்தான் என்று இரவெல்லாம் விழித்திருப்பதும் தவறு. இரண்டு எண்களையும் சேர்த்தே மனத்தில் வைக்கப் பழக வேண்டும். அது எளிதல்ல என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

சிலருக்குத் தேதியையே முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். மார்பகப் புற்றுக்காக டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்து உள்ளவர்கள், உடலுறவுக்குப் பின் இரத்தம் படுபவர்கள், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருப்பவர்கள் எல்லோரும் அதைச் சீட்டு வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு அறிகுறிகள் கருப்பைவாய்ப் புற்றையும் குறிக்கலாம். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது கண்டுபிடிக்கப்படுகிறது. "போன வருஷம் பாப் ஸ்மியர் எடுத்தேன், நார்மல்னு சொன்னாங்க" என்று சமாதானம் அடைபவர்களும் இருக்கிறார்கள். பாப் ஸ்மியர் கருப்பையின் வாயைப் பார்க்கும் சோதனை. உள்ளே இருக்கும் படலத்துக்கு அது உத்தரவாதம் தராது.

மாதவிடாய் நிற்காத பெண்ணின் காத்திருப்பு வேறு மாதிரி. நாற்பதுகளில் திடீரென்று பத்து நாள், பதினைந்து நாள் என்று போகிறது, கட்டிகட்டியாக விழுகிறது. "நிக்கப்போற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று மூத்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவர்களும் அப்படித்தான் சகித்தார்கள். ஆனால் பெரும்பாடு என்று நம் பாட்டிகள் பெயரிட்ட இந்த நோய் உடலைச் சத்தமில்லாமல் காலி செய்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இரத்தசோகையோடு இருக்கிறார்கள். ஏற்கனவே குறைந்திருக்கும் இரத்தத்திலிருந்துதான் இவ்வளவும் போகிறது. டாக்டர் தேதிக்கு முன்பே இந்தப் பெண் செய்துகொள்ளக்கூடிய ஒன்று ஹீமோகுளோபின் பரிசோதனை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதைப் பார்த்துவிடலாம். இரும்புச்சத்து மாத்திரை தந்தால் காபி, டீயோடு சேர்த்து விழுங்கக் கூடாது. அவை சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொண்டால் நன்றாகச் சேரும்.

கவலையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அந்தப் பழக்கத்தில், இரத்தப்போக்கு வந்தாலும் அதே மாத்திரையைத் தேடிக் கை போகிறது. சாப்பிட்டால் நிற்கும், விட்டால் மறுபடி வரும். நின்ற நாட்களில் டாக்டரிடம் போக வேண்டும் என்ற எண்ணமும் நின்றுவிடும். காரணம் உள்ளே அப்படியே இருக்கும். ஏற்கனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையே எடுத்துப் போங்கள். இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், அதனால்தான் இரத்தம் போகிறது என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. அந்த மருந்தைத் தந்த மருத்துவரை அன்றே கேளுங்கள்.

தேதிக்காகக் காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் உடனே புறப்பட வேண்டும். எழுந்தால் கண் இருட்டுகிறது, படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றாலும் அப்படியே. கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, அதோடு இரத்தம், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி என்றால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். திடீரென்று பொறுக்க முடியாத வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். காய்ச்சலோடு அடிவயிற்று வலியும் நாற்றமுள்ள நீரும் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இந்நிலைகளில் நடு இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று படுத்திருக்கும் தாயை மகன்தான் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். அவர் தானாகக் கேட்கமாட்டார்.

மற்ற நாட்களில் உருப்படியாகச் செய்யக்கூடிய ஒரு வேலை, எழுதி வைப்பது. ஒரு காலண்டர் போதும். எந்தத் தேதியில் பட்டது, எத்தனை நாப்கின், துணி என்றால் எத்தனை முறை மாற்றினீர்கள், கட்டி விழுந்ததா, எவ்வளவு பெரிது, வலி எங்கே என்று அன்றன்றே குறியுங்கள். கடைசியாக முறையான மாதவிடாய் வந்த தேதி, பிரசவங்கள், கருக்கலைப்பு நடந்திருந்தால் அது, சாப்பிடும் எல்லா மருந்துகளும், தாய்க்கோ அக்காவுக்கோ புற்று இருந்ததா என்பதும் அதிலேயே இருக்கட்டும். டாக்டர் முன்னால் உட்காரும் சில நிமிடங்களில் நினைவு கை கொடுக்காது. "கொஞ்சம் ஜாஸ்தி டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம். காலண்டர் பதறாமல் சொல்லும்.

செய்யக் கூடாதது, இரவில் கைபேசியை வைத்துக்கொண்டு, ஏற்கனவே எடுத்த ஸ்கேனின் அறிக்கையைத் தேடித் தேடிப் படிப்பது. உட்படலத்தின் தடிப்பு இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும். மாதவிடாய் நின்று இரத்தம் படும் பெண்ணுக்கு அது 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுக்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் மாதவிடாய் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த அளவு மாதத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மாறும். 12 என்றாலும் இயல்பாக இருக்கலாம். யாருக்கு, எந்த நாளில் எடுத்த அளவு என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. இரவு இரண்டு மணிக்கு அதைப் பிரித்துச் சொல்லும் மனிதர் நம்மோடு இல்லை. அறிக்கையை உறையில் போட்டு, டாக்டரிடம் எடுத்துப்போகும் பையில் வைத்துவிடுங்கள்.

டெட்டால் கலந்த நீரில் உட்புறம் கழுவுவதும் கூடாது. அங்கே இயல்பாக இருக்கும் நல்ல நுண்ணுயிரிகளை அது அழிக்கிறது. ஏற்கனவே மெலிந்த தோலைப் புண்ணாக்குகிறது. வெறும் தண்ணீரால் வெளிப்புறம் கழுவினால் போதும்.

இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம் என்பதைத்தான் எல்லாவற்றிலும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்லை. சொன்னால் ஊர் தன் கதைகளைக் கொண்டுவந்து கொட்டும். அவற்றில் முக்கால்வாசி பயமுறுத்தும் கதைகள். நிதானமான ஒருவரிடம் சொல்லுங்கள். அக்காவோ, மகளோ, மருமகளோ, பக்கத்து வீட்டுத் தோழியோ. தேதி அன்று கூட வரப்போகிறவர் அவராகவே இருந்தால் இன்னும் நல்லது.

கணவரிடம் சொல்லாமல் இருப்பதுதான் நம் வழக்கம். அது சரியல்ல. மனைவியின் உடலில் என்ன நடக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ள வேண்டும். உடலுறவின்போது இரத்தமோ வலியோ வருகிறதென்றால், பரிசோதனை முடியும்வரை வேண்டாம் என்று மனைவி சொல்லும் வார்த்தைக்கு அவர் மறுபேச்சின்றிக் கட்டுப்பட வேண்டும். இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒன்று சொல்கிறேன். "ஒண்ணும் இருக்காது, விடு" என்பது ஆறுதல்போலத் தோன்றும். ஆனால் அவள் பேச்சை அது அங்கேயே முடித்துவிடுகிறது. "எப்போ போகணும்? நான் லீவு போட்டுட்டு வரேன்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வாரங்களில் தண்ணீர்க் குடத்தையும் அரிசி மூட்டையையும் நீங்கள் தூக்குங்கள். அவள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தேதி வந்ததும் கிளம்பிவிட வேண்டும். அன்றைக்குப் பார்த்து விருந்தாளி வருவார்கள், வேலைக்காரம்மா வரமாட்டார், பேரனுக்குக் காய்ச்சலடிக்கும். முகூர்த்த நாளை இதற்கெல்லாம் யாரும் மாற்றுவதில்லையே, அந்த உறுதி இந்த நாளுக்கும் வேண்டும். அன்று இரத்தம் பட்டுக்கொண்டிருந்தாலும் போகலாம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அதுவே முக்கியமான செய்தி. உள்பரிசோதனை என்றால் பயமாக இருக்கிறது என்று டாக்டரிடமே சொல்லலாம். பெண் செவிலியர் கூட இருக்கட்டும் என்று கேட்கலாம். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். திருமணமாகாத பெண்கள் உள்வழி ஸ்கேனுக்குப் பதிலாக வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனைக் கேட்கலாம். அதற்கு நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் முட்ட இருக்க வேண்டும். உள்வழி ஸ்கேனுக்கோ சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும்.

கருப்பையை எடுத்துவிடலாம் என்று முதல் சந்திப்பிலேயே யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். எந்தச் சோதனை முடிவை வைத்து, வேறு வழி என்னென்ன, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று மூன்றையும் கேளுங்கள். தேவையற்ற கருப்பை அகற்றங்கள் குறித்து உச்ச நீதிமன்றமே 2023-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைக்கு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல. ஆனால் பயாப்சி எடுக்கலாம் என்று சொன்னால் தயங்காதீர்கள். உட்படலத்திலிருந்து துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை அது. பெரும்பாலும் சில நிமிட வேலை. மாதவிடாய் வலி போன்ற ஒரு பிடிப்பு இருக்கும்.

அதன் முடிவு வரவும் சில நாள் ஆகும். இந்த இரண்டாம் காத்திருப்பு முதலாவதைவிடக் கனமானது என்று பல பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எப்போது முடிவு வரும், யாரிடம் கேட்க வேண்டும், எந்தக் கவுன்டரில் வாங்க வேண்டும் என்பதை அன்றே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். முடிவைத் தனியாக வாங்கப் போகாதீர்கள். புற்றில்லை என்று வந்து நிம்மதியோடு வீடு திரும்பிய பிறகும், பின்னொரு நாள் மறுபடி இரத்தம் பட்டால், பழைய அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த அறிக்கை அன்றைய நிலையைத்தான் சொன்னது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடியும் போய் டோக்கன் வாங்குங்கள்.