மனவுறுதி யாருடைய சொத்து?

பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தேர்வில் தவறிவிட்டால், "மனவுறுதி போதவில்லை" என்று தீர்ப்பளித்துவிட்டு நாம் அமைதியடைந்து விடுகிறோம். உறுதி என்பது ஒவ்வொருவனும் பிறக்கும்போதே உடன்கொண்டு வந்த சொத்து, அதை இவன் பாழாக்கிவிட்டான் என்னும் எண்ணம் இத்தீர்ப்பினுள் மறைந்து கிடக்கிறது. அந்த எண்ணம் சரிதானா என்பது சிந்திக்கற்பாலது.

நெடுநாளைய நண்பர் ஒருவரின் மகன் வெளியூர் விடுதியில் தங்கிப் பொறியியல் பயில்கிறான். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதற் பிள்ளை அவனே. முதலாண்டில் மூன்று பாடங்களில் தவறினான். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடையில் அமர்ந்த நண்பர் கொதித்தார். "எங்களை யார் கண்காணித்தார்கள்? நாங்களாகவே படிக்கவில்லையா?" என்றார்.

இளமையில் அவருடைய இல்லத்தில் பல இரவுகள் தங்கிப் படித்தவன் நான். பாங்கொலி எழுமுன்பே விழித்து, அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துத் திரியேற்றி, தேநீரும் கொணர்ந்து வைத்து, "எழும்பு வாப்பா" என்று மகனை எழுப்பியவர் நண்பரின் உம்மா. எழுத்தறியாத அந்த அம்மையார், நாங்கள் படித்து முடிக்கும்வரை எதிரே அமர்ந்து ஓலைப்பாய் முடைந்துகொண்டிருப்பார். நண்பர் 'தாமாகவே' படித்த கதை இதுதான்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் வால்ட்டர் மிஷல் என்னும் உளவியலறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சிறு குழந்தையின் முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, உண்ணாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிச் செல்வார்கள். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தனர் என்ற செய்தி பரவியதும், புலனடக்கமே வெற்றியின் வேர் என உலகம் முடிவு கட்டிற்று. ஆனால் 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் செலஸ்ட் கிட் குழுவினர் அதில் ஒரு சிறு மாறுதல் செய்தனர். முதலில், வரைவதற்கு நல்ல பொருள்கள் கொண்டுவருவதாகக் குழந்தைகளிடம் வாக்களித்து, பாதிப்பேருக்கு அதை நிறைவேற்றினர், மீதிப்பேரை ஏமாற்றினர். அதன்பின் தின்பண்டத்தை வைத்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் சராசரியாக 3 நிமிடம் பொறுத்தனர். வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் 12 நிமிடம் பொறுத்தனர். ஆய்வுக்குட்பட்டவர் 28 குழந்தைகளே என்பதால் இதைக்கொண்டு எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. எனினும் ஒன்று விளங்குகிறது: பொறுமை என்று நாம் போற்றுவதில் ஒரு பங்கு, பெரியவர் சொல்லின்மீது பிள்ளைக்குள்ள நம்பிக்கை.

பல்கலைக்கழகத்திலும் இதுவே நிகழ்கிறது. கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோயன் ஆகிய இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாண்டு மாணவர்களைப் பற்றியது. 'இது எனக்குரிய இடந்தானா?' என்ற கலக்கம் தொடக்கத்தில் எல்லாருக்கும் வரும், நாளடைவில் நீங்கும் என்று மூத்த மாணவர்கள் கூறியவற்றை அவர்கள் படித்தனர். பின்பு தம் அனுபவத்தையும் சேர்த்து எழுதினர். ஏறத்தாழ ஒரு மணி நேர வேலை, அவ்வளவே. தொடர்ந்த மூன்றாண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களுடன் இருந்த இடைவெளி பாதியாயிற்று. ஒரு தாளில் மதிப்பெண் குறைந்தால், முன்பு அது 'நீ இங்கு வேண்டாதவன்' என்று சொல்லிற்று. இப்போது அது வெறும் மதிப்பெண்தான். வேண்டாதவனாகத் தன்னை எண்ணுபவன் ஆசிரியரின் கதவைத் தட்டி ஐயம் கேட்பானா?

உறுதி மட்டும் இருந்து வழி தெரியாதவர் நிலையும் இரங்கத்தக்கதே. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் மாணவர்களைக்கொண்டு சோதித்தனர். பாடத்தைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரத்தின் பின் 42 விழுக்காடு நினைவிருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. பலமுறை திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தன்னம்பிக்கை மிகுதியாக இருந்தது என்பது வேடிக்கை.

அங்ஙனமாயின் மாணவனுக்குப் பொறுப்பே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கடன் பெற்றவனுக்குத்தானே திருப்பித் தரும் கடமை வருகிறது? கொடுக்காத கடனைக் கேட்பதுதான் அநீதி.

கொடுப்பதிலும் ஒரு முறையுண்டு. 1976இல் வுட், புரூனர், ராஸ் என்னும் மூவர், கற்பவனுக்குத் தரும் துணையைக் கட்டடத்தின் சாரத்திற்கு ஒப்பிட்டனர். கொத்தனார் சாரம் கட்டுவது பிரிப்பதற்காகவே. நண்பரோ விடுதிக்கு நாள்தோறும் மூன்று முறை தொலைபேசியில் அழைத்து, "படித்தாயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகன் ஒவ்வொரு முறையும் "படித்தேன், வாப்பா" என்றான். அதற்குமேல் பேச்சில்லை.

உம்மாவின் பாய் முடைதலை நான் நினைவூட்டியபோது நண்பர் சிறிதுநேரம் பேசவில்லை. அதன்பின் வாரம் ஒருமுறை மட்டும் அழைக்கலானார். எதைப் படிக்க எண்ணியிருந்தாய், எது நடந்தது, நடக்காதது எதனால் என்று மூன்றே கேள்விகள். முதலிரண்டு வாரமும் மறுமுனையில் மௌனம். மூன்றாம் வாரம், நான்கு நாள் புத்தகத்தையே தொடவில்லை என்று மகன் தானாகவே சொன்னான்.

"ஏசாமல் வாயை அடக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார் நண்பர். தவறிய மூன்றில் ஒரு பாடத்தில் பையன் இப்போது தேறியிருக்கிறான். இன்னும் இரண்டு இருக்கின்றன.