யமன் கேட்கும் கேள்வி





சென்ற பௌர்ணமியன்று புத்தூரில் கூடிய நம்மவர் முன் யான் ஆற்றிய அறவுரையை எழுதித் தருமாறு அன்பர் சிலர் கேட்டனர். யான் பள்ளியில் அதிகம் படித்தவனல்லன். பஞ்சாலையில் பஞ்சும் நூலுமாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்தவன். அறிந்தவை யாவும் இரவு வேலை முடிந்து வந்து, விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்தவையே. பிழையிருப்பின் பொறுத்தருள்க, பொருளிருப்பின் கொள்க.

அன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மூதாட்டியின் கேள்வி. எங்கள் தெருவில் வாழ்ந்த அவ்வம்மை திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்று முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டுச் சுவரிலிருந்த தெய்வப் படங்களைத் தம் கையாலேயே இறக்கியவர். அவர் நோயுற்றுப் படுத்திருந்தபோது காணச் சென்றேன். கூடத்தில் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் யமலோகக் கதையொன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். பொற்கிரீடமும் பெருமீசையும் கதாயுதமுமாக யமன் முழங்கிக்கொண்டிருந்தான். அம்மை என் கையைப் பற்றி, பிள்ளைகளுக்குக் கேளாதபடி மெல்லக் கேட்டார்: "ஐயா, புத்தரைச் சரணடைந்து இத்தனை வருஷம் ஆயிற்று. ஆனாலும் கண்ணை மூடினால் அந்த எருமைதான் தெரிகிறது. என்னிடத்தும் கயிற்றோடு வருவானா?"

அன்பர்களே! சுவரிலிருந்து படத்தை இறக்குவது எளிது. மனத்திலிருந்து இறக்குவது அத்துணை எளிதன்று. ஆதலின் அந்த எருமையும் கயிறும் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் பார்ப்போம்.

நம் பாட்டன்மார் சாவித்திரி கதையைத் தெருக்கூத்தில் கண்டனர். நாம் திரையில் கண்டோம். தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசப்படும் ஊர் நமது; ஆதலால் இரு மொழி யமன்களும் நமக்குப் பழக்கமானவர்களே. 1977-இல் என். டி. ராமராவ் நடித்த யமகோலாவில் கைகால சத்தியநாராயணா யமனாக வந்தார். அக்கதையே 1980-இல் சிவாஜி கணேசன் நடிக்க யமனுக்கு யமன் எனத் தமிழில் வந்தது. 1988-இல் சிரஞ்சீவியின் யமுடிகி மொகுடு. அதுவே 1990-இல் ரஜினிகாந்தின் அதிசய பிறவி, அதில் வினு சக்கரவர்த்தி யமன். 1994-இல் யமலீலா, அதுவே மறு ஆண்டில் தமிழில் லக்கி மேன், அதில் கவுண்டமணி யமன். 2007-இல் வந்த யமதொங்காவில், அன்றைய சித்தூர் மாவட்டத்தில் பிறந்த மோகன் பாபுவே யமனானார். இவையெல்லாம் கொட்டகையை விட்டு அகன்ற பின்னும் தொலைக்காட்சி வழியே வீட்டுக்கூடத்துக்கு மீண்டும் மீண்டும் வருகின்றன.

இக்கதைகளின் போக்கை நோக்குங்கள். ஒன்றில் யமனுடைய ஏவலர் நாள் முடியாதவனைத் தவறாகக் கொண்டுசெல்கின்றனர். ஒன்றில் விதி எழுதிய ஏடு வானத்திலிருந்து தவறிப் பூமியில் விழுகிறது. ஒன்றில் மனிதன் யமனுடைய பாசக்கயிற்றையே பறித்து அவனுடைய அரியணையில் அமர்கிறான். தவிர்க்க முடியாத ஒன்றைத் தவிர்த்துவிட்டதாக இரண்டரை மணி நேரம் நம்பி மகிழ்கிறோம். சிரிப்பதில் குற்றமில்லை, யானும் சிரித்தவனே. ஆனால் சிரிப்பு ஓய்ந்த பிறகு ஓர் எண்ணம் தங்கிவிடுகிறது. மரணம் என்பவன் வெளியே இருக்கும் ஓர் ஆள். அவன் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அவனைக் கெஞ்சலாம், ஏய்க்கலாம், பேரம் பேசலாம் என்னும் எண்ணமே அது. பகலில் சிரித்தவர் இரவில் அஞ்சுவதற்கு வேர் அதுதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1962-இல் தி ட்விலைட் ஸோன் என்னும் தொடரில் ஒரு கதை வந்தது. மரணம் ஆளுருவில் வரும் என்றஞ்சிய ஒரு கிழவி கதவை அடைத்துக்கொண்டு தனியே வாழ்கிறாள். குண்டடிபட்டு வாசலில் விழுந்த இளங்காவலனுக்கு இரங்கிக் கதவைத் திறக்கிறாள். அவனே மரணம். ஆனால் அவன் இன்மொழி பேசி, அச்சம் நீக்கிக் கைகொடுத்து அழைத்துச் செல்கிறான். அதே நாட்டில் 2005 முதல் 2020 வரை நடந்த சூப்பர்நேச்சுரல் என்னும் பேய்க்கதைத் தொடரில் மரணம் மெலிந்து வெளிறிய ஒரு பெரியவராக 2010-இல் தோன்றுகிறது. வியப்பு யாதெனில், 2015-இல் அந்த மரணமே தன் அரிவாளால் கொல்லப்படுகிறது. பின்னர் வேறொருத்தி அவ்விடத்துக்கு வருகிறாள். எங்கள் வீட்டுப் பையன் இதைச் சொன்னபோது, "தம்பி, எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ அநித்தியத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றேன். மரணத்துக்கு உடம்பு கொடுத்தால் அவ்வுடம்பும் மடிந்தே தீரும்.

இனி நம் முன்னோர் நூலுக்கு வருவோம். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தின் கதை உண்டு. சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேய்க்கூத்தைக் கண்டு அஞ்சி ஓடி உயிர் விடுகிறான். தாய் கோதமை மகனுடலைத் தழுவிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். என்னுயிரை எடுத்துக்கொண்டு என் மகனுயிரைத் தா என்கிறாள். சாவித்திரி கதையில் யமன் இரங்கி உயிரைத் திருப்பித் தருகிறான். இங்கோ, பேயும் தெய்வமும் உயிரை உண்பதில்லை, வினையே காரணம் என்று சம்பாபதி கூறுகிறாள். தாய் நம்பாதபோது அண்டத்துத் தேவர் அனைவரையும் வரவழைத்து அவர்களாலும் ஆகாதென்பதைக் காட்டுகிறாள். கொடிய விடையாகத் தோன்றும். ஆயினும் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டே ஒரு தாய் ஆயுளைக் கழிக்காதபடி காத்தது அந்த விடையே.

அப்படியானால் பகவான் யமனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொன்னார். மஜ்ஜிம நிகாயத்தின் 130-ஆம் சூத்திரம் தேவதூத சூத்திரம். அதில் யமராசன் வருகிறான். ஆனால் அவன் உயிரெடுப்பவனல்லன். எருமையில் ஏறி எவர் வீட்டுக்கும் வருபவனுமல்லன். தீவினை செய்து மாண்டவன் தன் முன் நிறுத்தப்படும்போது அவன் கேள்வி கேட்கிறான். நான் அனுப்பிய தூதரைக் கண்டாயா என்று ஐந்து முறை கேட்கிறான். காணவில்லை என்கிறான் மாண்டவன். யமன் அவனுக்கு நினைவூட்டுகிறான்: தன் மலத்திலேயே புரளும் பச்சிளங்குழவியைக் கண்டதில்லையா? கோலூன்றி நடுங்கி நடக்கும் முதியவரை? எழ முடியாத நோயாளியை? குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவனை? மாண்டு இரண்டொரு நாளான உடலை? கண்டேன் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். கண்டும் ஏன் நல்லதைச் செய்யவில்லை? அசட்டையாக இருந்துவிட்டேன் என்கிறான். இவ்வினை உன் தாயோ தந்தையோ சுற்றமோ தெய்வமோ செய்ததன்று, நீயே செய்தது என்று கூறிவிட்டு யமன் வாய்மூடி இருந்துவிடுகிறான். அவ்வளவே அவன் தொழில்.

சூத்திரத்தின் இறுதியில் இன்னுமோர் அரிய செய்தி உண்டு. அந்த யமனே, தான் ஒருநாள் மனிதனாகப் பிறக்கவேண்டும், புத்தரைக் கண்டு அறங்கேட்டு உணரவேண்டும் என்று ஏங்குகிறானாம். சகோதரர்களே, நாம் அஞ்சும் யமன் நம் நிலைக்கு ஏங்குகிறான்! இப்போது நம் கையிலிருக்கும் இப்பிறவி அவன் விரும்பியும் பெறாத பொருள்.

இச்சூத்திரம் என்னை ஏன் சுட்டதென்று சொல்லவேண்டும். இதுவரை கூட்டங்களில் சொன்னதில்லை.

யான் வேலை செய்த ஆலையின் பெயர் வேண்டாம். கார்டிங் பகுதியில் ஓர் இயந்திரத்துப் பட்டையின் மேல் இருக்கவேண்டிய இரும்பு மூடியைப் பழுதுபார்க்கக் கழற்றினர், மீண்டும் பூட்டவில்லை. அது சுவரோரம் சாய்ந்திருந்தது. மூன்று நாள் அதனைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சொன்னால் மேஸ்திரி சினப்பார், நமக்கேன் என்றிருந்தேன். நான்காம் இரவு, எனக்கு அறுந்த இழை ஒட்டக் கற்பித்த அண்ணன் ஒருவர் அவ்வழியே குனிந்தார். தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து பட்டையில் சிக்கிற்று. ஆளும் போய்விட்டார்.

பொழுது விடிந்ததும் மேலாளர்கள் வந்தனர். "அவன் நேரம் வந்துவிட்டது, யமன் கணக்கை யார் மாற்றுவது?" என்றனர். அந்தச் சொல் எனக்கும் வசதியாக இருந்தது. யானே அவர் மனைவியிடம் சென்று, "அண்ணி, யமன் கணக்கு முடிந்துபோயிற்று" என்றேன். அவர் அழுகையை நிறுத்தி என்னை நோக்கி, "மூடி கழன்று கிடந்ததாமே தம்பி, நீ பார்த்தாயா?" என்று கேட்டார். யான் வாய் திறக்கவில்லை.

ஆறாண்டுகளுக்குப் பின் ஒரு பிக்கு தேவதூத சூத்திரத்தை விளக்கக் கேட்டேன். கண்டாயா என்னும் அக்கேள்வி வந்தபோது யமன் குரல் கேட்கவில்லை. அண்ணியின் குரலே கேட்டது. மறுநாள் அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை வையவுமில்லை. மன்னித்தேன் என்று சொல்லவுமில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அன்றுதான் யான் பௌத்தனானேன் என்று எண்ணுகிறேன். சரணம் சொன்னது அதற்கு முன்பே எனினும்.

மரணத்துக்கு மீசை வைத்து எருமை மேலேற்றியவுடன், கழன்று கிடக்கும் மூடி நம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. யமன் செய்தான் என்றால் எவரும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. பகவான் போதித்த நிதானங்கள் இதற்கு நேர்மாறானவை. இது இருப்பதால் அது நிகழ்கிறது. இது நீங்கின் அது நீங்கும். பிறந்தவர் இறப்பர் என்பதை எவரும் மாற்ற இயலாது. ஆனால் காய்ச்சலைக் கவனியாமையாலும், சாக்கடை அடைத்துக் கிடப்பதாலும், குடியாலும், மூடாத பட்டையாலும் வரும் சாவுகளுக்குக் காரணங்கள் உண்டு. அவற்றுள் பல நீக்கத்தக்கவை.

நம் ஊருக்கு இதனை நான் கற்பிக்க வேண்டுவதில்லை. கை கால் முறிந்தவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புத்தூர் கட்டு என்று தேடி வருகின்றனர். பச்சிலையும் முட்டை வெண்கருவும் மூங்கில் பத்தையும் துணியும் கொண்டு கட்டுகிறவர், எந்தத் தெய்வம் முறித்தது என்று கேட்பதில்லை. எப்படி விழுந்தாய், எங்கே வலிக்கிறது என்றே கேட்கிறார். ரயிலிறங்கி நொண்டி வரும் ஒவ்வொருவரும் தேவதூதரே. நாம் அவர்களைத் தினமும் காண்கிறோம். கண்டோமா என்பதே கேள்வி.

அம்மைக்கு யான் சொன்ன விடையோடு முடிக்கிறேன். "அம்மா, உயிரைப் பறிக்க ஒருவரும் வருவதில்லை. எண்ணெய் தீர்ந்த விளக்குப்போல் உடம்பு ஓய்கிறது. யமன் என்று ஒருவன் கேட்பதெல்லாம் ஒரே கேள்வி. அடுத்த வீட்டுப் பெரியம்மாள் எழமுடியாமல் கிடந்தபோது ஆறு மாதம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது யார்? நீங்கள்தாமே? தூதரைக் கண்டீர்கள்; நல்லதும் செய்தீர்கள். உங்களைக் கேட்க அவனிடம் கேள்வியில்லை" என்றேன். அவர் சிறிது நேரம் எண்ணியிருந்து, "அப்போ எருமை?" என்றார். "எருமை பால் கொடுக்கும் அம்மா" என்றேன். சிரித்துவிட்டார். கூடத்துப் பிள்ளைகளின் சிரிப்போடு அதுவும் சேர்ந்துகொண்டது. நான்காம் நாள் விடியலில், மகள் கையைப் பிடித்திருக்க, திரிசரணம் கேட்டபடியே அமைதியாக மூச்சடங்கினார்.

ஆதலின் அன்பர்களே, இன்று வீடு சென்று மூன்று செயல் செய்யுங்கள். உறங்குமுன் சிறிது நேரம் மூச்சைக் கவனித்து, இம்மூச்சு திரும்பாமற் போகலாம் என்று நினையுங்கள். அச்சத்துக்காக அன்று, விழிப்புக்காக. உங்கள் தெருவில் படுத்திருக்கும் ஒருவரை நாளையே சென்று பாருங்கள். கழன்று கிடக்கும் மூடி ஒன்று உங்கள் கண்ணில் பட்டிருந்தால், வேலையிடமோ வீடோ வீதியோ எதுவாயினும், நான்காம் இரவுக்கு முன் வாய் திறந்து சொல்லுங்கள். பிள்ளைகள் யமன் படம் பார்த்துச் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் அவர்களை அருகழைத்து, யமன் கேட்கும் கேள்வி இன்னதென்று சொல்லிக்கொடுங்கள்.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க.

சாது! சாது! சாது!