காத்திருப்பவரின் நேரம்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அரசு ஊழியர்கள் அலுவலக நேரத்தில் சொந்தக் காரியங்களுக்காகக் கைப்பேசியைப் பயன்படுத்துவதை அனுமதிக்கலாகாதென்றும், அதற்குரிய விதிமுறைகளை அரசு வகுக்க வேண்டுமென்றும் பணித்தது. ஓர் ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கையைப் பற்றிய வழக்கில் பிறந்த உத்தரவாயினும், அது தொட்டிருக்கும் தர்மப் பிரச்சினை அந்த வழக்கைக் காட்டிலும் பெரிது. சம்பளம் பெற்றுப் பணியில் அமர்ந்திருக்கும் ஒருவர் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போக்குகின்ற பொழுது யாருடைய பொழுது? அதனால் நஷ்டமடைபவர் யார்?

நேரத்தை விற்றவர் அதைத் திருப்பி எடுத்துக்கொள்வது திருட்டு என்பது முதலாளிகள் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இந்த வாதம், மனிதருடைய உழைப்பைக் கடிகாரத்தால் மட்டுமே அளந்துவிடலாம் என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையை நம் சட்டமே முழுமையாக ஏற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலைக்கு எல்லை கட்டியதோடு நில்லாமல், 5 மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையில் அரை மணியேனும் ஓய்வு தரவேண்டும் என்றும் விதித்து, இளைப்பாறல் உழைப்பின் ஓர் அங்கமே என்பதை ஒப்புக்கொண்டது. ஆகவே, கையிலிருந்த கோப்பை முடித்துவிட்டு, எதிரில் எவரும் காத்திராத வேளையில், வெளியூரிலிருக்கும் பேரக்குழந்தையின் படத்தை இரண்டு நிமிஷம் பார்த்து மகிழ்கின்ற எழுத்தரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அதர்மம்.

எதிரில் ஒருவர் காத்திருந்தாலோ நிலைமை வேறு. பட்டா மாறுதலுக்காகவோ வாரிசுச் சான்றுக்காகவோ தாலுகா அலுவலகத்துக்கு வருகிற கிராமத்தார் ஒருவர், அன்றைய கூலியை இழந்து, பேருந்துக்குக் காசு கொடுத்து, மேஜையின் முன்னே மனுவோடு நிற்கும்போது, மேஜைக்கு அப்பால் இருப்பவர் ஒன்றன்பின் ஒன்றாய் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டிருப்பாராயின், அங்கே களவுபோவது அரசாங்கத்தின் நேரமன்று; அந்த ஏழையின் நேரம். “கொஞ்சம் பாருங்க ஐயா” என்று சொல்லும் துணிவுகூட அவருக்குப் பலவேளைகளில் இருப்பதில்லை. வருகைப் பதிவேட்டில் இந்த நஷ்டம் ஏறுவதில்லை. உற்பத்தித் திறனைக் கணக்குப் பார்ப்பவர்களும் நிறுவனத்துக்கு நேர்ந்த குறைவைத்தான் எண்ணுகிறார்கள். வெளியே நின்றவருக்கு நேர்ந்ததை எண்ணுவாரில்லை.

காத்திருப்பவர் கண்முன் இல்லாவிட்டாலும் அவர் இல்லாமற் போய்விடுவதில்லை. ஒன்றை முடிக்காமல் விட்டு மற்றொன்றுக்குத் தாவும் மனத்தில் முன்னதன் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும், அதனால் பின்னது பழுதுபடும் என்பதையும் சோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் 2009இல் சோதனைகளால் எடுத்துக்காட்டினார். முகநூலில் பாதியில் விட்டுவந்த சண்டையொன்று சித்தத்தில் சுழன்றுகொண்டிருக்க, சர்வே எண்ணைப் பதிவுசெய்யும் கை ஓர் உட்பிரிவை மாற்றி எழுதிவிடுமாயின், ஐந்து நிமிஷ வேடிக்கைக்காக ஒரு குடும்பம் மாதக்கணக்கில் அலைய நேரிடும். ஓட்டுநர் கையிலும் செவிலியர் கையிலும் இருக்கும் கைப்பேசியைப் பற்றியோ வாதமே வேண்டியதில்லை.

இதில் ஊழியரை மட்டும் பழிப்பது நியாயமாகாது. முடிவேயில்லாமல் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார். முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவரான ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டதை 2017இல் ஒப்புக்கொண்டார். திட்டமிட்டு விரிக்கப்பட்ட வலையில் வீழ்ந்தவருடைய பாபம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆனால் முற்றும் நீங்கிவிடுவதில்லை. வலை இருப்பதை அறிந்தபின், கைப்பேசியை மேஜை இழுப்பறையில் வைத்து மூடுவது அவரால் ஆகக்கூடிய காரியமே.

இதைவிடக் கனமான பொறுப்பு மேலதிகாரிகளுடையது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் உத்தரவிட்டு, உடனே விவரம் அனுப்பச் சொல்கின்ற அலுவலகம், பகலில் மட்டும் அதே கருவியை விலக்கச் சொல்வது எவ்வகை நீதி? பிரான்ஸ் நாட்டில் 2017 முதல், 50 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள், பணிநேரத்துக்கு அப்பால் தொடர்பின்றி இருக்கும் உரிமையைப் பற்றி அவர்களோடு பேச வேண்டுமெனச் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் 2024இல், மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலன்றி, பணிநேரத்துக்கு அப்பால் வரும் அழைப்புகளை ஊழியர்கள் மறுக்கலாமெனச் சட்டம் செய்தது. ஊழியரின் இரவைக் கேளாமல் எடுத்துக்கொள்ளும் மேலதிகாரி, அவருடைய பகலில் பத்து நிமிஷத்துக்குக் கணக்குக் கேட்கும் தகுதியைப் பெரிதும் இழந்துவிடுகிறார். மனுவோடு நிற்பவரோ எவருடைய இரவையும் எடுத்துக்கொண்டவரல்லர்; கணக்குக் கேட்கும் உரிமை அவருக்குக் குறைவின்றி இருக்கிறது. மனு வந்த நாளையும், முடிந்த நாளையும், இடையில் அது எந்த மேஜையில் எத்தனை நாள் தங்கியது என்பதையும் அவர் பார்க்கும்படி எழுதிவைக்கச் செய்தால், கைப்பேசியில் போன நிமிஷங்களைத் தனியே எண்ண வேண்டிய அவசியம் பெரும்பாலும் எழாது.